பறத்தலும் கலைதலும்

ஐப்பசி கழிந்து வாடைக்காற்று நிலைகொண்டதும் மன்னார்க் கரையிலே தண்ணீரின் நிறம் மாறுவதுபோலத் தோன்றும். தள்ளாடியிலிருந்து வங்காலைப் பக்கமாகச் செல்வோர் தூரத்தே களப்பின் நடுவிற் கரும்பாசி படர்ந்திருக்கின்றதென எண்ணுவர். சற்று நின்று நோக்கினால் அப்பாசி மெல்ல அசைவது புலனாகும். அது பாசியன்று, பல்லாயிரம் தாராக்கள் தோளோடு தோள் நெருங்கித் தண்ணீரின்மேல் அமர்ந்திருக்கும் தோற்றமே அது. ஊர்த் தாராக்களல்ல அவை. சைபீரியாவின் சதுப்பு நிலங்களிலும் மத்திய ஆசியாவின் ஏரிக்கரைகளிலும் கோடையிற் குஞ்சு பொரித்து வளர்த்து, அந்நிலங்கள் உறையத் தொடங்குமுன் தெற்கு நோக்கிப் புறப்பட்டு வந்தவை.

இவ்வாறு வரும் பறவைகளின் பாதையை மத்திய ஆசிய வான்வழி என அறிஞர் குறிப்பிடுவர். அப்பாதையின் தென்கோடியிலே இலங்கை கிடக்கின்றது. இதற்குத் தெற்கே அந்தாட்டிக்கா வரையிற் பெருநிலம் யாதும் இல்லை, கடலே உண்டு. ஆகவே வடக்கிலிருந்து வரும் பறவைக்கு இத்தீவு வழியிடைச் சத்திரமன்று, வழியின் முடிவு. இங்கிருந்து துரத்தப்பட்டால் அப்பால் ஒதுங்குவதற்கு வேறு கரை இல்லை. வங்காலையைச் சூழ்ந்த உவர்ச் சதுப்பும் கண்டலும் சேற்றுத்தரையும் களப்பும் சேர்ந்த 4,839 ஹெக்டேயர் நிலப்பரப்பு, 2008ஆம் ஆண்டிலே சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டு, 2010ஆம் ஆண்டிலே றாம்சார் உடன்படிக்கையின்கீழ்ச் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டமைக்கு இதுவே தலையாய நியாயமாகும். சரணாலயம் என்னும் சொல்லின் பொருளை ஒரு மாணவன் அக்கரையிலே எவ்வாறு கற்றுக்கொண்டான் என்பதே இங்குக் கூறப்படுவது.

அவன் பல்கலைக்கழகத்திலே தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்பவன். வெளிநாட்டிலிருந்த தமையன் தான் பாவித்த கமெராவையும் நீண்ட வில்லையொன்றையும் 2022ஆம் ஆண்டிலே அவனுக்கு அனுப்பியிருந்தான். புதிதாகக் கமெரா கிடைத்த எவரையும் போல அவனும் முதலிற் பூக்களையும் பூனைகளையும் படம் பிடித்தான்; பின்னர் மனிதரைப் பிடித்தான்; ஈற்றிலே பறவைகளிடம் வந்து சேர்ந்தான். பூ ஓடுவதில்லை, மனிதர் சொன்னாற் கேட்பர், பறவையோ இரண்டும் அன்று. அதனாலேயே அது அவனைப் பிடித்துக்கொண்டது எனலாம்.

2023ஆம் ஆண்டு தை மாதத்திலே, விடுமுறைக்கு ஊர் வந்திருந்த அவன் நண்பன் ஒருவனை அழைத்துக்கொண்டு வங்காலைக் களப்புக்குச் சென்றான். இருவரும் சென்றடைந்தபோது காலை ஆறே முக்கால் மணி. வெயில் நன்றாக விழுந்திருந்தது. வானம் தெளிவாக இருந்தது. களப்பு நிறையத் தாராக்கள் இருந்தன. ஆயினும் அவை பறக்கவில்லை. அலகைத் தோட்சிறகினுள்ளே செருகிக்கொண்டு, காற்றுக்கு முகங்கொடுத்து, ஒரே திசையை நோக்கி அவை உறங்கிக்கொண்டிருந்தன. அவன் ஒரு மணி நேரத்துக்கு மேலாகக் காத்திருந்தான். உறங்கும் பறவையின் படம் உருண்டைக் கல்லின் படத்தைப் போல இருந்தது. எட்டு மணியளவில் அவன் கமெராவைத் தூக்கிக் கண்ணிலே வைத்துக்கொண்டு நண்பனிடம், “கையைத் தட்டு” என்றான்.

நண்பன் தட்டினான், தட்டியதோடு கூவவுஞ் செய்தான். களப்பு முழுவதும் ஒரே பாய்ச்சலாக மேலெழுந்தது. தண்ணீர் சிதறி வெயிலிற் பளிச்சிட்டது. ஊசிவால் வாத்துக்கள் என நூல்கள் கூறுகின்ற கூர்வாற் தாராக்களின் வெண்கழுத்துக்களும், நீலச்சிறகுத் தாராக்களின் மங்கிய நீலத் தோள்களும், இடையிடையே உள்ளான்களின் வெள்ளைச் சிறகுக்கோடுகளுமாக ஆகாயம் நிறைந்தது. சில கணப்பொழுதில் அவன் நாற்பதுக்கு மேற்பட்ட படங்களை எடுத்துவிட்டான். அவற்றுள் ஒன்று மிக வாய்ப்பாக அமைந்தது. அதற்கு ‘எழுச்சி’ எனப் பெயரிட்டான். அவ்வாண்டு பல்கலைக்கழகத்திலே நடைபெற்ற ஒளிப்படக் கண்காட்சியில் அப்படம் பரிசு பெற்றது. மண்டபத்துக்கு வந்தவர் பலரும் அதன்முன் நின்று சென்றனர். விரிவுரையாளர் ஒருவர் அதிற் கவிதை உண்டென்றார்.

படத்தின் பெரிய பிரதியொன்றை அவன் தன் தாய்மாமனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான். மாமா ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர். மன்னாரிற் பிறந்து மன்னாரிலேயே நெடுங்காலம் கற்பித்தவர். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு, படத்தை வெளிச்சத்திற் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பின்னர் ஒரு கேள்வி கேட்டார்.

“இதுகள் ஏன் தம்பி பறக்குதுகள்?”

“என்ன மாமா கேக்கிறியள்? பறவை எண்டாப் பறக்குந்தானே.”

“வெயில் விழுந்திருக்கிற உயரத்தைப் பாத்தா எட்டு மணி வரும். எட்டு மணிக்குத் தாரா பறக்காது, நித்திரை கொள்ளும். பிறகு பார், இவ்வளவு தாராவிலை ஒண்டாவது உன்னைப் பாக்குதோ? எல்லாம் உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகுதுகள்.”

அவன் படத்தை வாங்கிப் பார்த்தான். பரிசுக்குத் தெரிவு செய்தவரும், கவிதை கண்டவரும், அவனுங்கூடக் காணாத ஒன்று அங்கே வெளிப்படையாகக் கிடந்தது. ஆயிரக்கணக்கான பறவைகளும் கமெரா நின்ற இடத்தினின்று அகன்று சென்றன. கழுத்துக்கள் முன்னே நீண்டிருந்தன. கால்கள் இன்னும் தண்ணீரை விட்டு ஒழுங்காக மடங்கவில்லை. படத்தின் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒருவன் நின்றான். பறவைகள் யாவும் அவனுக்குப் பயந்து ஓடின. அவன் தானே என்பதை உணர்ந்தபோது அவனுக்கு மறுமொழி வரவில்லை.

மாமாவின் இக்கேள்விக்குப் பின்னால் நெடிய வரலாறு ஒன்று உண்டு. 1976ஆம் ஆண்டிலே ஆசிரியப் பணியை ஏற்ற காலந்தொட்டு, முதலாவது தாராக்கூட்டம் களப்பில் இறங்கும் நாளை அவர் ஆண்டுதோறும் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வந்தார். திகதி, காற்றின் திசை, தண்ணீரின் மட்டம், மதிப்பிட்ட தொகை என ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு நிரல்கள் இருந்தன. பழைய கமெரா ஒன்றும் அவரிடம் இருந்தது. ஒரு சுருளில் முப்பத்தாறு படங்கள். வருடத்துக்கு இரண்டு சுருள்களுக்கு மேல் வாங்க ஆசிரியச் சம்பளம் இடங்கொடுக்கவில்லை. ஆதலால் விசையை அமுக்குமுன் அவர் பத்துத்தரம் யோசித்தார். 1990ஆம் ஆண்டிலே யுத்தம் மீண்டும் மூண்டபோது அக்குடும்பம் வீட்டைவிட்டு வெளியேறியது. முதலில் மடுவுக்கு நடந்தார்கள். பின்னர் வள்ளமேறி இராமேசுவரம் சென்று மண்டபம் முகாமில் இருந்தார்கள். சில ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இருக்கவில்லை. குறிப்புப் புத்தகங்களும் படச்சுருள்களும் போன இடம் தெரியவில்லை. அக்காலத்திலே களப்பின் கரைகளும் பொதுமக்கள் நடமாடக்கூடிய இடங்களாக இருக்கவில்லை. 1990இல் தகர்க்கப்பட்ட மன்னார்ப் பாலம் மீளக் கட்டப்பட்டு 2010இலே திறக்கப்பட்டது. அவருடைய புதிய குறிப்புப் புத்தகமும் அவ்வாண்டின் மாரியிலேயே தொடங்குகின்றது. இடையில் இருபது ஆண்டுகளுக்குப் பக்கங்கள் இல்லை. பறவைகள் அவ்விருபது ஆண்டுகளும் வந்தே இருக்கும். எழுதுவதற்கு ஆள் இருக்கவில்லை.

படத்தை மேசைமீது வைத்துவிட்டு மாமா, “வாற தையிலை வா, பறக்கிறதைக் காட்டுறன்” என்று மட்டும் சொன்னார்.

2024ஆம் ஆண்டு தை மாதத்திலே ஒருநாள் அதிகாலை நான்கு மணிக்கு இருவரும் மோட்டார் சைக்கிளிற் புறப்பட்டனர். மன்னார்ப் பட்டினத்து வீதிகளிலே கழுதைகள் கடைவாசல்களில் ஒதுங்கி நின்றவாறே உறங்கின. தாம்போதியை அடைந்ததும் இரு மருங்கிலும் இருள் தண்ணீராக விரிந்தது. வாடையின் ஈரம் சட்டையை ஊடுருவித் தைத்தது. சேற்றினதும் உப்பினதும் மணம் மூக்கில் ஏறியது. இறால் பிடிப்போர் சிலரின் விளக்குகள் ஆங்காங்கே தண்ணீரில் நீண்டு நடுங்கின. பெருநிலத்தில் ஏறி, தள்ளாடி கடந்து, வீதியிலிருந்து சற்று விலகிய தரவையொன்றிலே மாமா வண்டியை நிறுத்துவித்தார். அங்கிருந்து கால்நடை. ரோர்ச் வெளிச்சத்தை நிலத்தை விட்டு உயர்த்தவேண்டாம் என்றார்.

“இடம் எப்பிடித் தெரியும் மாமா?” என்று அவன் மெல்லக் கேட்டான்.

“காத்து எங்கையிருந்து வருகுது?”

“வடகிழக்கிலையிருந்து.”

“தாரா காத்துக்கு முகங்குடுத்துத்தான் இறங்கும். அப்பத்தான் அதுக்கு வேகங் குறையும். காத்து உன்ரை முதுகிலை படுகிறமாதிரி இருந்தியெண்டா அது உன்னைப் பாத்துத்தான் வரும். விடிஞ்சாப் பிறகு சூரியனும் உன்ரை இடது தோளுக்குப் பின்னாலை நிக்கும்.”

களப்பின் வடகிழக்குக் கரையிலே, உவர்ச்செடிகள் முழங்காலளவு வளர்ந்திருந்த மேட்டில், சாக்கை விரித்து இருவரும் குந்தினர். பழைய மீன்வலை ஒன்றிற் செடிகளைச் செருகி மாமா முன்னே சாய்த்து வைத்தார். பிளாஸ்கில் இருந்த பிளேன்ரீயைப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தார்கள். அதன்பின் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. காத்திருத்தல் என்பது செயலின்மை என அவன் அதுவரை எண்ணியிருந்தான். கண்ணால் ஒன்றும் காணமுடியாத வேளையிற் காது எவ்வளவு வேலை செய்கின்றது என்பது அன்றே அவனுக்கு விளங்கிற்று. சேற்றிலே நண்டுத்துளைகள் குமிழியிடும் ஓசை, எங்கோ ஆட்காட்டியின் அலறல், தூரத்து வள்ளத்தின் இயந்திரம் என ஒவ்வொன்றாக இருளிலிருந்து பிரிந்து வந்தன.

மாமா தாழ்ந்த குரலில் விளக்கினார். இத்தாராக்களுக்கு இரவே பகல். பொழுது சாய்ந்ததும் கூட்டங் கூட்டமாக எழுந்து, கட்டுக்கரைக்குளத்தின் கீழான வயல்களுக்கும் சிறு குளங்களுக்கும் ஆழங்குறைந்த தண்ணீருக்கும் சென்று, விதைகளையும் நீர்ப்பூண்டுகளையும் புழுபூச்சிகளையும் இரவெல்லாம் மேய்கின்றன. விடியுமுன் களப்புக்குத் திரும்பிப் பகல் முழுவதும் ஓய்வு கொள்கின்றன. அவ்வோய்வு சோம்பலன்று. நீலச்சிறகுத் தாராவின் நிறை அரைக் கிலோவுக்கும் உட்பட்டது. அவ்வளவு சிறிய உடல் பங்குனி சித்திரையிலே பல்லாயிரம் கிலோமீற்றர் திரும்பிப் பறக்கவேண்டும். அதற்கு வேண்டிய கொழுப்பை இங்கேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். சிறகடித்துப் பறக்கும்போது பறவை, சும்மா இருக்கும்போது செலவிடுவதைப் போலப் பல மடங்கு சக்தியைச் செலவிடுகின்றது; அதிலும் தண்ணீரிலிருந்து பாய்ந்தெழும் முதற்கணங்களே மிகக் கடினமானவை. ஒருமுறை வீணாக எழுந்தால் இரவு மேய்ந்ததில் ஒரு பங்கு போயிற்று. ஒரு நாளில் நாலுபேர் வந்து நாலுமுறை கைதட்டினால்?

அவர் கேள்வியை முடிக்கவில்லை. முடிக்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

ஆறு மணிக்குச் சற்று முன்னர் கீழ்வானம் சாம்பல் நிறங்கொண்டது. அப்பொழுது தலைக்கு மேலே, புதுவேட்டியை நெடுக்கக் கிழிப்பதுபோன்ற ஓசையொன்று கேட்டது. அவன் அண்ணாந்து பார்த்தான்; ஒன்றும் தெரியவில்லை. மீண்டும் ஓர் ஓசை. அதன்பின் தண்ணீரிலே பல இடங்களில் ஒரே வேளையில் ஏதோ உரசும் சத்தம். பத்தாகவும் இருபதாகவும் தாராக்கள் தென்கிழக்கிலிருந்து வந்தன. களப்பின்மேல் ஒருமுறை வட்டமிட்டு, தென்மேற்கே போய்த் திரும்பி, காற்றை எதிர்கொண்டு, சிறகுகளை வளைத்துக் கால்களை முன்னே நீட்டி, கரையிலிருந்த இருவரையும் நோக்கியே இறங்கின. ஆண் பறவைகள் மெல்லிய சீழ்க்கை ஒலியெழுப்பின. இறங்கியவை இறங்குவோருக்கு இடம்விட்டு நீந்தின. வீட்டுக்கு வந்துசேர்ந்த மனிதர் படலையைத் திறந்து உள்ளே போவதுபோல அது இயல்பாக நடந்தது.

அவன் கமெராவைக் கண்ணில் வைத்தான். அங்கேதான் அவனுடைய துன்பம் தொடங்கியது. பறக்கும் பறவையைத் தெளிவாகப் பிடிக்கச் செக்கனின் ஆயிரத்திலொரு பங்கேனும் வேகம் வேண்டும். அவ்வேளையில் இருந்த வெளிச்சமோ செக்கனின் முப்பதிலொரு பங்குக்கும் போதாது. ஒளியுணர்திறனை உயர்த்தினால் படம் முழுவதும் மணல் தூவியதுபோலப் பொரிந்தது. தாழ்த்தினால் தாரா புகைக்கோடாக இழுபட்டது. வில்லை குவியத்தைத் தேடி முன்னும் பின்னும் அலைந்தது. உண்மையாக அவை பறக்கும் வேளையிற் கமெராவுக்குக் கண் தெரியவில்லை; கமெராவுக்குக் கண் தெரியும் வேளையில் அவை பறப்பதில்லை. இயற்கை இவ்விரண்டுக்குமிடையே விட்டுவைத்த இடைவெளி கால் மணி நேரத்துக்கும் குறைவானது. ஆறு மணி ஐந்து நிமிடத்திலிருந்து கடைசிக் கூட்டம் இறங்கும் வரையில், முழங்கையை முழங்காலில் ஊன்றி மூச்சடக்கி, அவன் இருபத்தொரு படங்கள் எடுத்தான். அவற்றில் ஒன்றேனும் தெளிவாக இருக்கும் என அவன் நம்பவில்லை.

சூரியன் எழுந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தாராக்கள் சிறகைக் கோதிச் சரிசெய்துவிட்டு, அலகைச் செருகி உறக்கத்தில் ஆழ்ந்தன. களப்பின் மறுகோடியிலே பூநாரைகள் தலைகீழாக அலகை ஆழ்த்திச் சேற்றை அரித்துக்கொண்டிருந்தன. கடலுக்கு அப்பால், மன்னார்த் தீவின் தென்கரையிலே, 2020ஆம் ஆண்டின் முடிவில் இயங்கத் தொடங்கிய முப்பது காற்றாலைகளும் வரிசையாகத் தெரிந்தன. மாமா குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். முதலிற் பத்துத் தாராக்களை எண்ணி, அத்தகைய பத்துக் கூறுகள் எவ்வளவு இடம் பிடிக்கின்றன என்று கண்ணால் அளந்து, அந்நூற்றைக் களப்பின்மேல் மெல்ல மெல்ல நகர்த்தித் தொகையைக் கணித்தார். 1987 முதல் ஆசிய நாடுகளெங்கும் ஆண்டுதோறும் தை மாதத்திலே நடைபெறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பிலும் இத்தகைய முறையே கையாளப்படுகின்றது.

அவனுக்குச் சத்திமுத்தப் புலவரின் நினைவு வந்தது. பாண்டியனின் மதுரையிலே குளிரால் நடுங்கி நின்ற அவ்வறிஞர், தெற்கே குமரிக்குச் சென்று வடக்கே மீளும் நாரையிடம் தம் மனைவிக்குச் செய்தி சொல்லியனுப்பியதை வகுப்பிலே படித்திருக்கிறான். நாரையின் அலகுக்குப் பனங்கிழங்கை உவமை காட்டிய நயத்தை விரித்துப் பரீட்சையில் எழுதியும் இருக்கிறான். அதை மாமாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார்.

“அந்த ஆளுக்குப் புவியியல் தெரிஞ்சிருக்கு. தெற்கை போனது திரும்பி வடக்கை போகும் எண்டு தெரிஞ்சபடியாத்தானே செய்தி குடுத்தவர்” என்றார். சற்றுக் கழித்து, “பறவையிட்டை ஒரு உதவி கேட்டவர். கேக்கிறதெண்டாப் பணிஞ்சுதானே கேக்கவேணும்” என்றும் சொன்னார்.

எட்டு மணியாயிற்று. சென்ற ஆண்டின் அதே வெயில், அதே தெளிந்த வானம். மிதந்து வந்த ஒரு கூட்டம் கரையிலிருந்து அறுபது யார் தூரத்திலே உறங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு அண்மையில் அவன் காட்டுத் தாராக்களைக் கண்டதில்லை. கூர்வாலின் கபில நிறத் தலையும், கழுத்தின் பக்கமாக மேலேறும் வெண்கோடும், நாமத்தாராவின் நெற்றிப்பட்டையும் கண்ணாற் பார்க்கையிலேயே துலங்கின. ஒருமுறை தட்டினாற் போதும். இருபத்தொரு மங்கற் படங்களுக்குப் பதிலாக ஒளிமிக்க நூறு படங்கள். அதுவும் சென்ற முறையைப் போலன்றிப் பறவையின் முகம் தெரியும் தூரத்திலிருந்து. விடுமுறை முடிய மூன்றே நாட்கள் இருந்தன. மாமா அவன்பக்கம் பாராமற் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தார். அவர் வேண்டுமென்றே பாராதிருந்தார் என்பது அவனுக்குப் பின்னரே தோன்றியது. அவனுடைய கைகள் கமெராவை மடியில் வைத்தன. சிறிது நேரம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடந்தன. பின்னர் அவன் அவற்றை முழங்காலைச் சுற்றிக் கட்டிக்கொண்டான்.

“போன வருஷம் நான்தான் மாமா தட்டச் சொன்னனான்.”

“தெரியும்.”

நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை. மாமா புத்தகத்தை மூடிச் சட்டைப்பையில் வைத்தார்.

“கலைச்சா ஆரும் எழும்பும் தம்பி. நாங்களும் எழும்பினாங்கள். பெட்டி படுக்கையளைத் தலையிலை வைச்சுக்கொண்டு, பிள்ளையளைத் தோளிலை தூக்கிக்கொண்டு, ஒரே வரிசையிலை வெட்டையாலை போனாங்கள். அண்டைக்கும் வெயில் நல்ல வெயில். ஆரும் தூரத்திலை நிண்டு படமெடுத்திருந்தா அதுவும் வடிவாத்தான் இருந்திருக்கும்.”

அவர் அதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. காற்றின் திசையைச் சொல்வது போலவே சொன்னார். ‘எழுச்சி’ எனத் தான் இட்ட பெயர் அவனுக்கு அப்போது நினைவுக்கு வந்தது. அதை யாரும் உச்சரித்துவிடக் கூடாதே என அவன் கூசினான்.

ஒன்பது மணியளவிலே சதுப்புநிலத்துப் பூனைப்பருந்து ஒன்று களப்பின் அப்பக்கமாகத் தாழப் பறந்து வந்தது. அங்கிருந்த தாராக்களிற் சில நூறு எழுந்தன. இப்பக்கம் இருந்தவை தலையை உயர்த்திப் பார்த்தன. பருந்து ஒன்றையும் பிடியாமற் சென்றது. எழுந்தவை அரை நிமிடத்தில் அமர்ந்தன. அவன் மாமாவின் முகத்தைப் பார்த்தான். “அதுக்குப் பசி” என்றார் அவர். வேறொன்றும் சொல்லவில்லை. இருவரும் வலையைச் சுருட்டி, குனிந்தபடியே பின்வாங்கித் தரவையை அடைந்த பின்னர்தான் நிமிர்ந்தனர். திரும்பிப் பார்த்தபோது களப்பு அவர்கள் வந்தபோது இருந்தவாறே இருந்தது. ஒரு தாராவேனும் அவர்கள் பொருட்டு எழவில்லை.

இருபத்தொரு படங்களில் இருபது பயன்படவில்லை. எஞ்சிய ஒன்றிலே வானமும் நீரும் ஒரே சாம்பல் நிறமாகக் கலந்திருந்தன. ஆறேழு தாராக்கள் மங்கிய கறைகளாக இறங்கின. நடுவிலிருந்த ஒன்று மட்டும், காற்றை எதிர்த்து ஒரு கணம் ஆகாயத்திலே தரித்ததால், ஓரளவு தெளிவாக விழுந்திருந்தது. சிறகுகள் வளைந்து, கால்கள் முன்னே நீண்டு, தலை நேரே படத்தைப் பார்ப்பவரை நோக்கியிருந்தது.

அவ்வாண்டுக் கண்காட்சிக்கு அவன் இரண்டு படங்களையும் அருகருகே வைத்தான். பெயர் எதுவும் இடவில்லை. முதலாவதன் கீழே, ‘2023 தை, காலை 8 மணி. உறங்கிய பறவைகள் கைதட்டி எழுப்பப்பட்டன’ என எழுதினான். இரண்டாவதன் கீழே, ‘2024 தை, காலை 6 மணி 5 நிமிடம். பறவைகள் தாமாக வந்திறங்கின’ என எழுதினான். வந்தவர் வழமைபோல முதலாவதன் முன்னேயே நின்றனர். இரண்டாவதை அச்சுப் பிழையெனக் கருதிக் கடந்தவர்களும் உண்டு. ஆயினும் வாசகத்தை வாசித்துவிட்டுச் சிலர் மீண்டும் முதலாவது படத்துக்குத் திரும்பினர். முதன்முறை அழகைப் பார்த்த கண்கள் இரண்டாம் முறை அப்பறவைகள் போகும் திசையைப் பார்த்தன. இம்முறை பரிசு கிடைக்கவில்லை. சென்ற ஆண்டின் சான்றிதழை அவன் சுவரிலிருந்து கழற்றி வைத்ததும் யாருக்கும் தெரியாது.

பறவையைப் படம் பிடிப்போர் இந்நாட்டிலே இன்று பெருகியுள்ளனர். அது நல்லதே. முன்னர் துவக்கோடு சென்ற இடத்திற்கு இன்று கமெராவோடு செல்வது மனிதனின் வளர்ச்சி என்பதில் ஐயமில்லை. ஆனால் துவக்கைப் போலவே கமெராவுக்கும் ஒரு பசி உண்டு. அதற்கு ஈடு செலுத்துவது பறவையே. படத்தின் ஒளியும் அமைப்பும் பற்றிப் பேசுவோர், எடுத்தவர் போனபின் அக்களப்பு எவ்வாறு இருந்தது என்பதையும் கேட்கத் தொடங்கினால், சரணாலயம் என்னும் சொல் அறிவித்தற் பலகையிலிருந்து இறங்கி மனத்தில் அமரக்கூடும்.

அடுத்த விடுமுறையில் அவன் மங்கற் படத்தின் பிரதியை மாமாவிடம் கொடுத்தான். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு, படத்தை வெளிச்சத்திற் பிடித்து நெடுநேரம் பார்த்தார். நன்றாக இருக்கிறதென்றோ இல்லையென்றோ சொல்லவில்லை. பேனையை எடுத்துப் படத்தின் பின்புறத்திலே திகதியையும் நேரத்தையும் காற்றின் திசையையும் எழுதினார். பின்னர் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, அந்நாளுக்குரிய பக்கத்தினுள்ளே அதனை வைத்து மூடினார்.